இருபது நிமிடத் தூக்கத்தில் இவ்வளவு பெரிய கனவா?

கேள்வி: எனக்கு வயது 38. மதுரையில் பூ வியாபாரம் செய்கிறேன். இரவு 10 மணிக்குப் படுத்தால் 2 மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டும். காலை வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகும். சமையலைத் தொடங்கும் முன் இருபது நிமிடம் படுப்பேன். கண்ணை மூடியதுமே கனவு. இறந்துபோன அப்பா வந்து உட்கார்ந்து பேசுகிறார். ஊர்த் திருவிழா முழுதாக நடந்து முடிகிறது. எழுந்து மணி பார்த்தால் இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும். இரண்டு மூன்று தடவை கண் விழித்தும் கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மார்க்கெட் போகாத நாளில் மதியம் படுத்தால் கனவே வருவதில்லை, ஆனால் எழுந்தால் தலை கனக்கிறது. 'தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கனவு வரும், உடனே வந்தால் நரம்பு வியாதி' என்று மகன் போனில் பார்த்துச் சொல்கிறான். மாமியார் தலையணைக்கு அடியில் வேப்பிலை வைக்கச் சொல்கிறார். என் மூளை ஓய்வே எடுப்பதில்லையா? டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நரம்பு வியாதியாக எனக்குத் தோன்றவில்லை. இரவில் நீங்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகும் தூக்கத்தின் மிச்சத்தைக் காலை ஒன்பதரைக்கு உங்கள் மூளை வாங்கிக்கொள்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். வியாதி இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சில கேள்விகளும் பின்னால் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மகன் சொன்னதில் பாதி சரி. தூக்கம் ஒரே சீரான விஷயம் இல்லை என்பது 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தெளிவாகத் தெரிந்தது. அங்கே யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியல் கிளைட்மேனும், தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் கண்விழிகள் சில நேரம் வேகமாக அங்குமிங்கும் ஓடுவதைப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். அந்தக் கட்டத்துக்கு விரைவுக் கண்ணசைவுத் தூக்கம் என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக ரெம் என்பார்கள். மூளையின் மின்னலைகளைப் பார்த்து மற்றத் தூக்கத்தை இன்று மூன்றாகப் பிரிக்கிறோம். கண் சொக்கும் முதல் நிலை சில நிமிடங்களே. அடுத்து வரும் இரண்டாம் நிலைதான் பெரியவர்களின் இரவில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது ஆழ்ந்த தூக்கம். அலைகள் பெரிதாகி மெதுவாகிவிடும். அப்போது எழுப்பினால் 'எங்கே இருக்கேன்?' என்று விழிப்போம். இதெல்லாம் போய்த்தான் முதல் ரெம் வருகிறது. அது சாதாரணமாகத் தூங்கி ஒன்றரை மணி நேரம் சுமாரில் வரும், ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடும். பிறகு மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம், ஓர் இரவுக்கு நான்கைந்து சுற்று.

உங்கள் மகன் பார்த்த வீடியோ இத்தோடு நின்றிருக்கும். ஒரு சுற்று போலவே அடுத்த சுற்று இருப்பதில்லை என்பதை அநேகமாக விட்டிருப்பார்கள். ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில், முதல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரெம் அதற்கு நேர்மாறு. முதல் சுற்றில் சில நிமிடம் வந்தது, விடியற்காலைச் சுற்றுகளில் அரை மணி நேரம் வரை நீளும். எட்டு மணி நேரம் தூங்குபவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை ரெம் என்றால், அதில் பெரும்பகுதி பின்னிரவில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். பத்து மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழுகிறீர்கள். ஆழ்ந்த தூக்கத்தைப் பெருமளவு வாங்கிவிட்டீர்கள். ரெம் நீள ஆரம்பிக்கிற நேரத்தில் நீங்கள் மல்லிகை மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. வருஷக்கணக்கில் இப்படி என்றால் அந்தப் பாக்கி சேராமல் எப்படி இருக்கும்? 1960-இல் வில்லியம் டிமென்ட் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார். ரெம் தொடங்கும்போதெல்லாம் ஆட்களை எழுப்பிவிட்டார். நாள் ஆக ஆக அவர்களை எழுப்ப வேண்டிய தடவைகள் கூடிக்கொண்டே போயின, மூளை அந்த நிலைக்குள் போக விடாப்பிடியாக முயன்றது. பிறகு தடையில்லாமல் தூங்க விட்டபோது வழக்கத்தைவிட அதிகமாக ரெம் வந்தது.

இதோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. உடம்புக்குள் இருக்கும் 24 மணி நேரக் கடிகாரம் ரெம் தூக்கத்துக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறது. உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் பின்னிரவை ஒட்டி அந்த விருப்பம் உச்சத்துக்குப் போய், முற்பகல் வரை மெல்ல மெல்லத்தான் இறங்கும். அதனால்தான் காலை ஒன்பது, பத்து மணிக் குட்டித் தூக்கத்தில் ரெம் எளிதாகப் புகுந்துவிடுகிறது. மாலை நாலு மணித் தூக்கத்தில் அவ்வளவாக வருவதில்லை. விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். பலிப்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் நீளமான, தெளிவான, எழுந்த பிறகும் மறக்காத கனவுகள் அந்த நேரத்தில்தான் அதிகம் வரும் என்பதைக் கவனித்துத்தான் அந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும்.

ஆக, பாக்கியும் இருக்கிறது, நேரமும் தோதாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் காத்திருக்காமல் சில நிமிடத்திலேயே ரெம் வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் தூக்கம் போதாதவர்களுக்கும் இப்படி நேர்வதைப் பார்க்கிறோம். பிறந்த குழந்தை தூங்கத் தொடங்குவதே இந்த நிலையில்தான், அதற்கு எந்த வியாதியும் இல்லை.

கனவுக்கு ரெம் கட்டாயம் என்பதும் பழைய எண்ணம். டேவிட் ஃபௌல்க்ஸ் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நிலைகளில் எழுப்பிக் கேட்டாலும் பாதிக்கு மேற்பட்ட தடவை மனதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். முக்கியமாக, தூக்கத்துக்குள் நுழையும் அந்த முதல் சில நிமிடங்கள் படங்கள் நிறைந்தவை. அன்று முழுக்கக் கையும் கண்ணும் செய்த வேலை அப்போது திரும்பி வரும். 2000-இல் ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடனிருந்தவர்களும் சிலரை டெட்ரிஸ் என்ற வீடியோ கேமை மணிக்கணக்கில் ஆட வைத்தார்கள். கண் செருகும் நேரத்தில் பலருக்குக் கட்டைகள் விழுவது தெரிந்தது. மூளைப் பாதிப்பால் புது நினைவே தங்காத சிலரும் அதில் இருந்தார்கள். ஆடியதே ஞாபகம் இல்லாத அவர்களில் சிலருக்கும் அந்தக் கட்டைகள் தெரிந்தன என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம். உங்களுக்கும் கண்ணை மூடியதும் நாரும் சரமும் தராசும் பளிச்சென்று வந்து போகலாம். திடுக்கென்று உடம்பு தூக்கிப் போடுவதும் இந்தக் கட்டத்தில்தான். இவை துண்டுப் படங்கள், கதை சேராது. அப்பா வந்து உட்கார்ந்து பேசுவது, திருவிழா தொடங்கி முடிவது, கூடவே கை கால் அசையாமல் போவது, இதெல்லாம் ரெம் பக்கம் கை காட்டுகிறது. தலையில் மின்கம்பி பொருத்தி அலைகளைப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனால் இந்த நேரக்கணக்கோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

சரி, இருபது நிமிடத்துக்குள் ஒரு திருவிழாவே எப்படி அடங்கும்? இந்தக் கேள்விக்கு வயது அதிகம். ஆல்ஃப்ரெட் மோரி என்ற பிரெஞ்சு அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் தன் கனவு ஒன்றை எழுதி வைத்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலம். அவரைக் கைது செய்கிறார்கள், விசாரிக்கிறார்கள், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்தில் படுக்க வைக்கிறார்கள், கத்தி இறங்குகிறது. விழித்துப் பார்த்தால் கட்டிலின் தலைப்பக்கச் சட்டம் கழுத்தில் விழுந்து கிடக்கிறது. சட்டம் விழுந்த அந்த ஒரு நொடிக்குள் முழுக் கனவும் ஓடிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார், உலகமும் வெகுகாலம் நம்பியது. கனவு நடந்து பல வருடம் கழித்து எழுதியது என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. 1957-இல் டிமென்டும் கிளைட்மேனும் வேறு மாதிரி சோதித்தார்கள். ரெம் தொடங்கி 5 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோ ஆட்களை எழுப்பி, கனவு எவ்வளவு நேரம் ஓடியது, ஐந்தா பதினைந்தா என்று கேட்டார்கள். ஐந்தில் நான்கு தடவைக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். அதாவது கனவில் நேரம் ஏறக்குறைய நம் நேரம் போலத்தான் நகர்கிறது. காட்சிதான் தாவுகிறது. கொடியேற்றம் ஒரு நிமிடம், அடுத்த நிமிடம் தேர் வடம், நடுவில் இருந்த பத்து நாளை யாரும் காட்டவில்லை. சினிமாவில் குழந்தை ஓடி வந்து பெரியவனாகி நிற்பதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது போலத்தான். பத்துப் பன்னிரண்டு நிமிடக் கனவுக்குள் ஒரு திருவிழா தாராளமாக அடங்கும்.

இரவுக் கனவைவிட இது தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றுவதற்கு இன்னொரு காரணம், கனவின் நடுவிலேயே அலாரம் உங்களை எழுப்பிவிடுகிறது. கனவிலிருந்து நேராக விழித்தால்தான் அது நினைவில் நிற்கும். மற்றபடி ஓர் இரவில் கண்டதில் பெரும்பகுதி காலையில் நம்மிடம் இருப்பதில்லை. அப்பா வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெம் நேரத்தில் உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதிகள் மும்முரமாக இருக்கும், 'இது நடக்குமா?' என்று கணக்குக் கேட்கும் முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கும். மனதில் ஆழமாக இருப்பவர்கள் வருவதும், அவர்கள் இறந்துபோனது அப்போது உறைக்காமல் இருப்பதும் இயல்பு. அவர் வந்து போன பிறகு மனம் லேசாகிறது என்றால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க அழுகையும் வெறுமையும் தொடர்ந்தால் அதைத் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். அமுக்குவான் பேய் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். ரெம் தூக்கத்தில் கனவுக்கு ஏற்ப நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளைத்தண்டு கை, கால், உடல் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சுக்கு முக்கியமான உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். சில நேரம் அறிவு விழித்துவிடும், இந்தக் கட்டு அவிழச் சில நொடிகளோ ஓரிரு நிமிடமோ தாமதமாகும். விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, அதுதான் பாரமாகத் தெரிகிறது. கனவின் மிச்சம் அறைக்குள் ஓர் ஆளை நிறுத்திவிடும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதை அனுபவித்தவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். அடுத்த முறை வந்தால் எழப் போராடாதீர்கள். ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள், அல்லது கண்ணை உருட்டுங்கள், தானாக விலகிவிடும். ஒருக்களித்துப் படுங்கள். வேப்பிலை வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. பயம் குறைந்தால் தூக்கம் கொஞ்சம் நன்றாக வரும், மாமியாருக்கும் திருப்தி.

மதியத் தூக்கத்தின் தலைக்கனம் வேறு கதை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, ஆழ்ந்த தூக்கத்துக்கான அழுத்தத்தைக் கூட்டுகிறது. மதியம் இரண்டு மணிக்கு அந்த அழுத்தம் காலையைவிட அதிகம், ரெம் விருப்பமோ குறைந்துவிட்டது. சாப்பாட்டைக் குறை சொல்லத் தேவையில்லை, பட்டினியாக இருந்தாலும் பிற்பகலில் ஒரு சோர்வு வரத்தான் செய்யும். நீங்கள் நாற்பது, ஐம்பது நிமிடம் படுத்தால் நேரே ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கி, அதன் நடுவில் எழுகிறீர்கள். அந்த மந்தம் அரை மணி நேரம் வரைகூட விடாது.

மூளை ஓய்வெடுக்கவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். ரெம் நேரத்தில் மூளை விழிப்பில் இருக்கும் அளவுக்குச் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தூக்கத்தின் ஒரு பகுதி, உடம்புக்கு வேண்டியது, கேட்டு வாங்கிக்கொள்வது. கனவு வந்ததால் தூக்கம் வீண் என்று நினைக்க வேண்டாம். என் கவலை உங்கள் கனவைப் பற்றி இல்லை, அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான்.

இனி மகன் சொன்ன வியாதி. அதன் பெயர் நார்கோலெப்சி. 1880-இல் ழெலினோ என்ற பிரெஞ்சு டாக்டர் வைத்த பெயர். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோவதுதான் அதன் முக்கிய வகைக்குக் காரணம். அந்தப் பொருளையே 1998-இல்தான் கண்டுபிடித்தார்கள். அரிதான வியாதி. படுத்ததும் கனவு, விழிப்பில் உடல் முடக்கம் இரண்டும் அதிலும் உண்டு என்பதால் மகன் பயந்ததில் தவறில்லை. ஆனால் அதைப் பிரித்துக் காட்டுகிற அடையாளங்களை உங்கள் கடிதத்தில் காணோம். வாய்விட்டுச் சிரிக்கும்போதோ திடீரென்று கோபம் வரும்போதோ முழங்கால் மடங்குகிறதா, தாடை தொங்குகிறதா, கையில் இருப்பது நழுவுகிறதா? பேசிக்கொண்டே, சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறீர்களா? நாலைந்து நாள் தொடர்ந்து ஏழு எட்டு மணி நேரம் தூங்கிய பிறகும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நரம்பியல் அல்லது தூக்க மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். குறட்டையும் நடுவில் மூச்சு திணறி விழிப்பதும் இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள், அதற்கும் பார்க்க வேண்டும்.

மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால், மெட்டோப்ரலால், இளைப்புக்குக் கொடுக்கும் மான்டிலுகாஸ்ட், மனச்சோர்வு மாத்திரைகள் (திடீரென்று நிறுத்தினால் இன்னும் அதிகம்) ஆகியவை கனவைக் கூட்டும். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

செய்ய வேண்டியது என்ன? வியாபாரத்தை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, பூ மார்க்கெட் எட்டு மணிக்குத் திறக்கப் போவதும் இல்லை. இரவு ஒன்பதுக்காவது படுக்க முடிந்தால் ஒரு மணி நேரம் லாபம். மீதியைக் காலையில் எடுங்கள். இருபது நிமிடத்துக்குப் பதில் பத்து மணி சுமாரில் ஒன்றரை மணி நேரம் படுத்தால் ஒரு முழுச் சுற்று கிடைக்கும், அந்த ரெம் பாக்கியும் கொஞ்சம் கொஞ்சமாக அடையும். சமையலில் ஒரு பகுதியை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்தப் பதிலை அவர்களிடமும் காட்டுங்கள், மகனுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஜன்னலை மூடி இருட்டாக்குங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். அவ்வளவு நேரம் இல்லாத நாளில் பதினைந்து இருபது நிமிடத்தோடு எழுந்துவிடுவது நல்லது, இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தலைக்கனம் தரும். மார்க்கெட்டுக்குப் போனதும் டீ குடியுங்கள், பரவாயில்லை. ஏழு மணிக்கு மேல் வேண்டாம். டீ, காபியில் உள்ள கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை நாலு மணிக்குப் பிறகு குட்டித் தூக்கமும் வேண்டாம், இரவு ஒன்பது மணித் தூக்கத்தைத் தள்ளிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மார்க்கெட்டுக்கு வண்டியை நீங்கள் ஓட்டிப் போகிறீர்களா, அல்லது ஓட்டுபவரும் உங்களைப் போலவே நான்கு மணி நேரம் தூங்கியவரா? திரும்பும் வழியில் கண் சொக்கினால் ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் தூங்கிவிட்டு வாருங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது சில நிமிடத்துக்கு மேல் தாங்காது.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்து பாருங்கள். எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன், கனவு வந்ததா, உடல் முடங்கியதா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் முடக்கம் நின்றுவிடும், கனவின் வேகமும் தணியும். அப்படியும் பகல் தூக்கம் தாங்கவில்லை என்றால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். தேவைப்பட்டால் ஓர் இரவுத் தூக்கத்தின் பதிவும், மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுமார் 20 நிமிடம் படுக்க வைத்து எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறீர்கள், ரெம் வருகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் செய்வார்கள். நாலு மணி நேரத் தூக்கத்தோடு போய் அந்தப் பரிசோதனைக்குப் படுத்தால் வியாதி இல்லாதவருக்கும் இருப்பது போலக் காட்டிவிடலாம். அதனால் பரிசோதனைக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரமாவது ஒழுங்காகத் தூங்கிவிட்டுப் போங்கள், மார்க்கெட்டுக்கு அந்த நாட்களில் வேறு யாரையாவது அனுப்ப முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.